பத்தாம் வகுப்பில் தொடங்கும் எச்.ஐ.வி. தடுப்பு

எச்.ஐ.வி. தடுப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை ஆணுறை, இரத்தப் பரிசோதனை, பேருந்து நிலையச் சுவரில் எழுதிய வாசகம், டிசம்பர் 1 அன்று மாணவர்கள் நடத்தும் பேரணி. இவை எல்லாம் தேவையானவையே. ஆனால், ஏழாம் வகுப்பு முடித்த ஒரு தலித் சிறுமி எட்டாம் வகுப்புக்குப் போகிறாளா, பத்தாம் வகுப்பை முடிக்கிறாளா என்பதையே எச்.ஐ.வி. தடுப்பின் கேள்வியாக எடுத்துக்கொண்ட ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு நம் பக்கத்து மாநிலத்தில் வேலை செய்திருக்கிறது. அந்தக் குழு கேட்ட கேள்வியும், அது கண்ட விடையும், விடை எதிர்பார்த்தபடி வராதபோது அது நடந்துகொண்ட விதமும் நம் ஊர்களுக்கும் நம் மாணவர்களுக்கும் பயன்படக் கூடியவை. ஆகவே அதை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்து கர்நாடகத்தில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் இருக்கிறார்கள். அந்த மாநில எய்ட்ஸ் தடுப்புச் சங்கமும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2003-இல் கர்நாடக ஹெல்த் பிரமோஷன் டிரஸ்ட் என்ற அமைப்பை உருவாக்கின. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் ஆய்வாளர்களும் பின்னர் இவர்களோடு இணைந்தார்கள். இவர்கள் வேலை செய்த இடங்களில் வட கர்நாடகத்தின் விஜயபுரா, பாகல்கோட் மாவட்டங்கள் முக்கியமானவை. கர்நாடகத்தில் எச்.ஐ.வி. தொற்று அதிகமாக இருந்த வட்டாரம் அது.

ஏன் அந்த வட்டாரம்? வறட்சி, கூலி வேலைக்காக மகாராஷ்டிரத்துக்குப் போய்த் திரும்பும் வாழ்க்கை, சிறுவயதுத் திருமணம் எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. சவதத்தி எல்லம்மாவின் பெயரால் சிறுமிகளுக்கு முத்து கட்டி விடும் தேவதாசி முறை அங்கே வேர்விட்டிருந்தது. முத்து கட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கர்நாடக அரசு 1982-இல் இதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதன் பிறகு 1993-94-இலும் 2007-08-இலும் அரசே எடுத்த கணக்கெடுப்புகளில் 46,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தேவதாசிகளாகப் பதிவானார்கள். கணக்கில் வராதவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த ஊர்கள்தான் சொல்ல வேண்டும்.

மானிடோபா குழு கர்நாடகத்தில் பாலியல் தொழிலில் இருந்த 1,588 பெண்களிடம் பேசி 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்களில் 414 பேர், அதாவது நூற்றுக்கு 26 பேர், தேவதாசி முறை வழியாக அந்தத் தொழிலுக்குள் வந்தவர்கள். மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வந்தவர்கள். சாதி ஏற்பாடு ஒரு சிறுமியின் உடம்பை எந்த வயதில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. கிருமி அதற்குப் பிறகுதான் வருகிறது. இதை மறைத்துவிட்டு 'பாதுகாப்பான பழக்கம்' பற்றி அந்தச் சிறுமிக்குப் பாடம் நடத்துவதில் பொருள் இல்லை.

இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டுதான் அந்தக் குழு கேள்வியை முன்னுக்கு நகர்த்தியது. தொழிலுக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு ஆணுறை கொடுப்பது ஒரு வேலை. வர நேராமல் தடுப்பது வேறு வேலை. பெரிய பெண்ணானதும் படிப்பு நிற்கிறது. படிப்பு நின்றதும் கல்யாணம் அல்லது முத்து. எனில், படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டால் என்ன ஆகும்?

சமதா என்ற முயற்சி

இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த திட்டத்துக்கு 'சமதா' என்று பெயர் வைத்தார்கள். சமத்துவம் என்று பொருள். விஜயபுரா, பாகல்கோட் மாவட்டங்களில் 80 கிராமத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் 40 தொகுப்புகளில் திட்டத்தை நடத்துவது, மற்ற 40-இல் வழக்கமான அரசுத் திட்டங்களை மட்டும் விட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஏழாம் வகுப்பில் இருந்த பட்டியல் சாதி, பழங்குடிச் சிறுமிகள் 2,457 பேர் 2014-இல் சேர்க்கப்பட்டார்கள். பத்தாம் வகுப்பு முடியும் வயது வரை மூன்று ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள்.

வட கர்நாடகத்தில் ஏழாம் வகுப்பு என்பது ஒரு வாசல். தொடக்கப் பள்ளி உள்ளூரில் இருக்கும். உயர்நிலைப் பள்ளி வேறு ஊரில் இருக்கும். நடந்து போக வேண்டும், அல்லது நேரத்துக்கு வராத பேருந்தை நம்ப வேண்டும். வழியில் கேலி பேசும் பையன்கள். பள்ளியில் கழிப்பறை இருக்கிறதா என்ற கவலை. "வயசுக்கு வந்த பொண்ண அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?" என்று கேட்கும் தாய். இந்தக் கேள்வியை நம் பக்கத்துத் தாய்மார்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே சிறுமிகளோடு மட்டும் பேசி நிறுத்தவில்லை. பெற்றோரிடம் பேசினார்கள். பையன்களிடம் பேசினார்கள். ஆசிரியர்களிடமும் பள்ளிக் குழுக்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசினார்கள். அரசு தரும் உதவித்தொகையும் விடுதியும் சைக்கிளும் உரியவருக்குப் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதும் இந்த வகை வேலையில் அடங்கும்.

முடிவு என்ன? மூன்று ஆண்டு முடிவில் 2,275 சிறுமிகளை மறுபடி கண்டு கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பத்தாம் வகுப்பை முடித்திருந்தார்கள். பத்தில் ஒருவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. ஆனால் திட்டம் நடந்த ஊர்களுக்கும் நடக்காத ஊர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விஜயபுரா மாவட்டத்தில் மட்டும் சிறு முன்னேற்றத்துக்கான அடையாளம் தெரிந்தது. 2019-இல் இந்த முடிவை அப்படியே வெளியிட்டார்கள்.

தோற்றுப்போன ஆய்வா?

'அவ்வளவு செலவு செய்து ஒன்றும் நடக்கவில்லையே' என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிப் பார்க்கவில்லை. 

முதலாவதாக, எதிர்பார்த்தது வரவில்லை என்று ஊரறியச் சொல்வதற்கு நேர்மை வேண்டும. நம் அரசுத் துறைகள் வெளியிடும் அறிக்கைகளில் எந்தத் திட்டமும் தோற்றதாக நாம் படித்ததில்லை. எல்லாம் 'இலக்கை எட்டியது' என்றே முடியும். ஆய்வு படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விரும்பிய விடைக்கு ஏற்ப எண்களை வளைக்காமல் இருப்பதுதான் ஆய்வின் முதல் பாடம்.

இரண்டாவதாக, அந்த எண்களுக்குள்ளேயே ஒரு செய்தி இருக்கிறது. திட்டம் நடக்காத ஊர்களிலும் தலித் சிறுமிகள் படித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இரு பக்க ஊர்களிலுமே உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகள் கூடினார்கள். வாய்ப்புக் கிடைத்தால் நம் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 'இவங்களுக்குப் படிப்புல ஆர்வம் இல்ல' என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

மூன்றாவதாக, மீதி நான்கில் ஒரு பங்கு. முடிக்காமல் நின்ற அந்தச் சிறுமிகள் யார்? மூன்று ஆண்டுப் பேச்சுவார்த்தையும் ஊக்கமும் அவர்களுக்கு எட்டவில்லை. வீட்டில் சோறு இல்லாதபோது, தாய் கரும்பு வெட்டப் போய்விட்டபோது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, அறிவுரை அங்கே நிற்காது. மனத்தை மாற்றுவது ஓர் அளவுக்குத்தான் உதவும். நிலம், கூலி, விடுதி, பேருந்து ஆகியவற்றை அரசுதான் மாற்ற முடியும். நாம் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் இது.

படிப்புக்கும் எச்.ஐ.வி.க்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்ற ஐயம் வரலாம். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாடு 1996-இல் தன் பள்ளி அமைப்பை மாற்றி, பத்தாம் வகுப்பை இன்னும் பல பிள்ளைகளுக்கு எட்டும்படி செய்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் படித்தவர்களை ஒப்பிட்டு 2015-இல் முடிவை வெளியிட்டது. அந்த மாற்றத்தால் கிடைத்த ஒவ்வொரு கூடுதல் பள்ளி ஆண்டும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை 8.1 சதவீதப் புள்ளி குறைத்திருந்தது. பெண்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு இன்னும் அதிகம். மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பின் பணம் பெற்ற சிறுமிகளில் 1.2 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 3 சதவீதத்தினருக்கும் தொற்று இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இதே போன்ற முயற்சி பலன் காட்டவில்லை. அங்கே இரு பக்கத்துச் சிறுமிகளும் ஏற்கெனவே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு அபாயம் அதிகம் என்பது அங்கேயும் தெரிந்தது. 

போட்ஸ்வானா அரசு எச்.ஐ.வி.யை நினைத்துப் பள்ளியைத் திருத்தவில்லை. படிப்பை எட்டும் தூரத்தில் வைத்தது, நோய் பின்வாங்கியது.

இரத்தம் கொடுத்தவர்கள் யார்?

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். அதைக் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் ஆய்வு. பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா மயிலாப்பூரில் அரசுக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். கையுறைகூட இல்லாத நிலை. மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. அமைச்சர் எச்.வி. ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு மாணவியின் துணிவு நாட்டின் நோய்த்தடுப்பு வரலாற்றைத் தொடங்கி வைத்தது. இது பெருமைக்குரிய செய்தி. மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆனால் அந்த ஆறு பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நியாயம். எந்த நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்கு அப்போது சொல்லப்படவில்லை என்று ஆய்வாளரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அது அந்த மாணவி ஒருவரின் குற்றம் என்று நாம் சொல்ல மாட்டோம். அன்றைய மருத்துவ உலகம் முழுவதும் காப்பகத்தில் இருந்த பெண்களை அப்படித்தான் பார்த்தது. கேட்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களாக அவர்கள் இருந்தார்கள்.

உலகெங்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை 399 ஏழைக் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் நோய் இருப்பது தெரிந்தும், சிகிச்சை தராமல் நோய் எப்படி வளர்கிறது என்று வேடிக்கை பார்த்தது அந்த நாட்டு அரசின் சுகாதாரத் துறை. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் அம்பலமான பிறகே நிறுத்தினார்கள். ஆய்வில் கலந்துகொள்பவரின் ஒப்புதல் பற்றி இன்று உலகம் பின்பற்றும் விதிகள் பலவற்றுக்கு அந்த மனிதர்களின் துன்பமே விலை.

இதற்கு மாற்றான வழியும் உண்டு என்பதற்கு மைசூரு சான்று. அங்கே 2004-இல் மானிடோபா குழு தொடங்கிய பணியிலிருந்து பாலியல் தொழிலாளர்கள் 'அஷோதயா சமிதி' என்ற தங்கள் சொந்த அமைப்பைக் கட்டிக்கொண்டார்கள். கேள்வித்தாளை நிரப்ப மட்டும் அழைக்கப்பட்டவர்கள், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்துக்கு வந்தார்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இருந்த தொற்று, 2009-இல் ஒன்பது பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. நம்மைப் பற்றிய ஆய்வை நாமே செய்யும்போது விடை மட்டும் மாறுவதில்லை, நிலைமையும் மாறுகிறது.

சேரிக்கு முத்திரை குத்தாதீர்கள்

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தலித்துகளையும் எச்.ஐ.வி.யையும் சேர்த்து எழுதினால், 'அது சேரி நோய்' என்று சொல்லிவிட்டுப் போகச் சிலர் காத்திருப்பார்கள். கிருமிக்குச் சாதி தெரியாது. இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், அவர்கள் எல்லாச் சாதியிலும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். யார் பாதுகாப்பில்லாத இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள், யாருக்கு மருந்து தாமதமாக வருகிறது என்பதைத்தான் சாதி முடிவு செய்கிறது. நாம் பேசுவது அதைப் பற்றி.

தமிழ்நாடும் இதில் விலக்கல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டத்துக்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்திலும் அதை அடுத்த ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலும் மாத்தம்மா என்ற பெயரில் அருந்ததியர் சிறுமிகள் கோயிலுக்கு நேர்ந்து விடப்படுவதாக வந்த புகார் மீது, தேசிய மனித உரிமை ஆணையம் 2017-இல் இரு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. சட்டம் வந்து 70 ஆண்டுக்குப் பிறகு. 

அண்ணல் அம்பேத்கர் 1936 ஜூன் மாதம் பம்பாயில் தேவதாசிகளும் ஜோக்தினிகளும் கூடிய கூட்டத்தில் பேசினார். இந்த இழிவைச் சுமக்க வைத்திருக்கும் வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள் என்று அவர்களிடம் நேராகச் சொன்னார். அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு நம் விடுதலையைப் பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களை ஒதுக்கும் நம் தெருக்காரர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தீண்டாமையின் வலி தெரிந்தவர்கள் இன்னொருவரின் தம்ளரைத் தனியாக எடுத்து வைக்கலாமா?

சட்டமும் துணைக்கு இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றை மறுப்பதை அது தடை செய்கிறது. ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது. ஒருவரின் நிலையை அவர் அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது. ஆய்வுக்கும் இது பொருந்தும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். கூட்டு மருந்தும் இலவசம். ஒழுங்காக மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது என்பது இன்று உறுதியான அறிவியல். ஐயம் உள்ளவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

நாம் கேட்பவை

முதலில் மாவட்ட நிர்வாகத்திடம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறுமிகளில் யார் எப்போது நின்றார் என்ற கணக்கு ஒன்றிய வாரியாக வேண்டும். பெயரைப் பொதுவில் வைக்க வேண்டாம். எண்ணிக்கையைக் கிராம சபையில் வைத்தால் போதும். ஒரு சிறுமி தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால் யார் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்பது முடிவாகியிருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பத்தாம் வகுப்புக்கு முன்பே நின்றுவிடும் சிறுமி அந்த ஆயிரத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்கு வேண்டியது பாதுகாப்பான விடுதியும், பள்ளி நேரத்துக்கு வரும் பேருந்தும், தண்ணீர் வரும் கழிப்பறையும்.

அடுத்து பல்கலைக்கழகங்களிடம். நம் தெருவுக்கு வந்து கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போகிற குழுக்கள், முடிவைத் தமிழில் அச்சிட்டு அதே தெருவுக்குக் கொண்டுவந்து படித்துக் காட்ட வேண்டும். கட்டுரை ஆங்கில இதழில் வந்தால் ஆய்வாளருக்குப் பதவி உயர்வு. பதில் சொன்ன பாட்டிக்கு என்ன? ஆய்வுக் குழுவில் தலித், பழங்குடி மாணவர்கள் களப்பணியாளர்களாக மட்டும் இல்லாமல் கேள்வி எழுப்புகிறவர்களாகவும் இருக்க வேண்டும். 

கடைசியாக நம் மாணவர்களிடம். சமூகப்பணியோ, செவிலியமோ, புள்ளியியலோ, தமிழோ, எது படித்தாலும் உங்கள் ஊரைப் பற்றி எழுப்ப ஒரு கேள்வி உங்களிடம் இருக்கும். பக்கத்து வீட்டுச் சிறுமி ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதும் ஆய்வுக்குரிய கேள்விதான். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். குறைகிற ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பேசியும் முடியாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு எழுதுங்கள். அங்கேயும் அசையாவிட்டால் எமக்கு எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை இந்தப் பத்தியில் வெளியிடுவோம்.